ஸ்ட்ரைக்கரின் பின்தொடைக்கு இருபது நிமிடம்: ஃபிஃபா 11+ வார்ம்-அப் திட்டம், ஒரு விமர்சனம்

1999 ஏப்ரல் 12, லீட்ஸின் எல்லண்ட் ரோடு மைதானம். லிவர்பூல் கால்பந்து அணிக்கு ஆடிய மைக்கேல் ஓவன் முன்னால் விழுந்த பந்தை நோக்கிப் பாய்கிறார். யாரும் இடிக்கவில்லை, காலைத் தட்டவும் இல்லை. ஓட்டத்தின் நடுவிலேயே பின்தொடையைப் பிடித்துக்கொள்கிறார். ஹேம்ஸ்ட்ரிங் எனும் பின்தொடைத் தசை போய்விட்டது. அப்போது அவருக்கு வயது 19. ஏழு வருடம் கழித்து, 2006 ஜூன் 20, கொலோனில் ஸ்வீடனுக்கு எதிரான உலகக் கோப்பை ஆட்டம். முதல் நிமிடத்திலேயே, பந்தைத் தட்டிவிட்டுத் திரும்பும்போது வலது முழங்கால் ஜவ்வு கிழிந்தது. அங்கும் அவர் மேல் யாரும் கை வைக்கவில்லை.

இடையில் 2001இல், ஐரோப்பாவில் ஆண்டின் சிறந்த வீரருக்கான பாலோன் தோர் விருது வாங்கினார். இங்கிலாந்துக்கு 89 ஆட்டங்களில் 40 கோல் அடித்தார். முறைப்படி ஓய்வு அறிவித்தது 2013இல், 33 வயதில். ஆனால் 1998இல் அர்ஜென்டீனாவின் தடுப்பாட்டத்தைப் பிளந்துகொண்டு ஓடிய அந்தப் பதினெட்டு வயதுப் பையனின் வேகம் அதற்கு வெகு முன்பே ஓய்வுபெற்றுவிட்டது. ரசிகர்கள் கூடினால் பேச்சு கடைசியில் அங்கேதான் வந்து நிற்கும்: "அந்த ஹேம்ஸ்ட்ரிங் மட்டும் போகாம இருந்திருந்தா?"

இப்படிச் சீக்கிரம் முடிந்துபோன ஸ்ட்ரைக்கர்கள் எல்லோரையும் நாம் 'கொடுத்து வைக்கவில்லை' என்ற ஒரே சாக்கில் போட்டுக் கட்டிவிடுகிறோம். அது சரியில்லை. மார்கோ வான் பாஸ்டனை முடித்தது கணுக்கால். 1993 மே 26, மியூனிக்கில் மார்செய்யிடம் மிலான் தோற்ற சாம்பியன்ஸ் லீக் இறுதிப் போட்டிதான் அவருடைய கடைசி ஆட்டம், அப்போது வயது 28. பிரையன் கிளஃப் 1962 டிசம்பர் 26 அன்று கோல்கீப்பரோடு மோதி முழங்காலை இழந்தார். ஒரே உலகக் கோப்பையில் 13 கோல் அடித்த ஜுஸ்ட் ஃபோன்டைனுக்குக் கால் எலும்பு உடைந்தது, அதுவும் இரண்டு முறை. செர்ஜியோ அகுவேரோவை 2021 டிசம்பரில் நிறுத்தியது இதயத் துடிப்புக் கோளாறு. ஓவன் வகை வேறு. மோதல் இல்லை, நோய் இல்லை, ஓடும்போதும் திரும்பும்போதும் உடம்பே கைவிட்ட காயம். நாம் பார்க்கப்போகும் 11+ திட்டம் இந்தக் கடைசி வகைக்கு மட்டுமே மருந்து. அதை மனத்தில் வைத்துக்கொண்டால்தான் இதை நியாயமாக எடைபோட முடியும்.

ஃபிஃபாவின் மருத்துவ ஆய்வு மையமாக இருந்த எஃப்-மார்க், ஆஸ்லோவின் விளையாட்டுக் காய ஆய்வு மையத்தோடும் கலிஃபோர்னியாவின் சாண்டா மோனிகா எலும்பு, விளையாட்டு மருத்துவ மையத்தோடும் சேர்ந்து 2006இல் உருவாக்கிய வார்ம்-அப் இது. கையேடும் சுவரொட்டியும் இலவசம். மொத்தம் 15 பயிற்சிகள், மூன்று பகுதிகள், இருபது நிமிடம். 14 வயதும் அதற்கு மேலும் உள்ளவர்களுக்கானது. சிறுவர்களுக்கு '11+ கிட்ஸ்' என்று தனியாக ஒன்று உண்டு. பெரியவர்களுடையதை அவர்களுக்கு அப்படியே கொடுக்க வேண்டாம்.

இதற்கு முன்னால் 'தி 11' என்று ஒன்று இருந்தது. நார்வேயில் சுமார் இரண்டாயிரம் இளம் வீராங்கனைகளை வைத்துச் சோதித்தபோது காயம் குறையவே இல்லை. காரணம், பெரும்பாலான அணிகள் அதை ஒழுங்காகச் செய்யவில்லை. செய்தவர்களுக்கும் மாதக்கணக்கில் அதே பயிற்சி, அதே அளவு. அந்தத் தோல்வியை மறைக்காமல் எடுத்துப் பார்த்துத்தான் ஓட்டப் பயிற்சிகளைச் சேர்த்தார்கள், ஒவ்வொரு வலுப் பயிற்சிக்கும் மூன்று படிநிலை வைத்தார்கள். அதே நார்வேயில் 13 முதல் 17 வயதுள்ள 1892 பேரை வைத்து மறுபடி சோதித்து 2008இல் வெளியிட்ட ஆய்வில் மொத்தக் காயங்கள் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைந்தன. கடுமையான காயங்களில் பாதிக்கு அருகில் குறைந்தது. அமெரிக்கக் கல்லூரி ஆண்கள் அணிகளில் நடந்த இன்னொரு ஆய்வில் 46 சதவீதம் குறைவு. இலவசமாகக் கிடைக்கும் ஒரு தாளுக்கு இது பெரிய விஷயம்.

தேவையான பொருள்: பன்னிரண்டு கோன், இரண்டு பேருக்கு ஒரு பந்து. கோன்களை ஆறு ஜோடியாக, இரண்டு இணை வரிசையில், ஐந்தாறு மீட்டர் இடைவெளி விட்டு வைக்க வேண்டும். வீரர்கள் இரண்டிரண்டு பேராக உள்பக்கம் ஓடிப்போய், வெளிப்பக்கமாகத் திரும்பி வர வேண்டும்.

முதல் பகுதி எட்டு நிமிடம், ஆறு வகை மெது ஓட்டம். நேராக ஓடுவது, இடுப்பை வெளிப்பக்கம் திறப்பது, உள்பக்கம் மூடுவது, கூட்டாளியைச் சுற்றி வருவது, குதித்துத் தோளோடு தோள் இடிப்பது, முன்னும் பின்னும் விரைவாக நகர்வது. ஒவ்வொன்றும் இரண்டு சுற்று. இதில் கவனிக்க வேண்டியது தோள் இடிக்கும் பயிற்சி ஒன்றுதான். இரண்டு கால்களிலும் ஒரே நேரத்தில், முழங்கால் மடங்கி இறங்க வேண்டும். பலர் இடிப்பதில் இருக்கும் குஷியில் இறங்குவதை மறந்துவிடுகிறார்கள்.

திட்டத்தின் உயிர் இரண்டாம் பகுதியில்தான் இருக்கிறது. பத்து நிமிடம், ஆறு பயிற்சி: முன்பக்கப் பிளாங்க் (முழங்கையில் ஊன்றி உடம்பைப் பலகைபோல நிறுத்துவது), பக்கவாட்டுப் பிளாங்க், நோர்டிக் ஹேம்ஸ்ட்ரிங், ஒற்றைக்கால் நிற்றல், ஸ்குவாட் (முழங்கால் மடக்கி இறங்கி எழுவது), குதித்தல். பிளாங்க் இரண்டும் ஆரம்பப் படியில் 20 முதல் 30 நொடி, மூன்று முறை. இடுப்பு தொய்யாமல், பிட்டம் கூரைபோலத் தூக்காமல் இருந்தால் போதும். நோர்டிக், ஸ்குவாட், குதித்தல் மூன்றைப் பற்றித்தான் நிறையச் சொல்ல இருக்கிறது.

ஓவனின் கதை நேராகத் தொடுவது நோர்டிக் பயிற்சியை. முழு வேகத்தில் ஓடும்போது, கால் முன்னால் வீசப்பட்டுத் தரையைத் தொடப்போகும் அந்தக் கடைசிக் கணத்தில், முன்னால் பாயும் கெண்டைக்காலைப் பிடித்து நிறுத்துவது பின்தொடைத் தசைதான். நீண்டுகொண்டே பிடிக்க வேண்டும். கயிற்றை இழுத்துப் பிடித்தபடியே விட்டுக்கொடுப்பது போன்ற வேலை. பின்தொடையின் வெளிப்பக்கத் தசை பெரும்பாலும் கிழிவது அந்தக் கணத்தில்தான். நோர்டிக் அதே 'நீண்டபடி தாங்கும்' வேலையைத் தரையில் மெதுவாகச் செய்ய வைக்கிறது.

செய்முறை எளிது, சரியாகச் செய்வது அவ்வளவு எளிதல்ல. மடித்த துண்டின் மேல் முழங்காலிடுங்கள். கூட்டாளி பின்னால் உட்கார்ந்து, கணுக்காலுக்குச் சற்று மேலே இரண்டு கைகளாலும் பிடித்து, தன் எடை முழுவதையும் அதன் மேல் சாய்க்க வேண்டும். கைகளை மட்டும் வைத்து அழுத்தினால் கால் மேலே கிளம்பிவிடும். எடை குறைந்தவரைக் கூட்டாளியாகப் போட்டாலும் அதேதான். தலையிலிருந்து முழங்கால் வரை ஒரே பலகையாக வைத்துக்கொண்டு மெதுவாக முன்னால் சாயுங்கள். தாங்க முடியாத இடம் வரும். அதுவரை பின்தொடை பிடிக்க வேண்டும். அதற்குப் பிறகு உள்ளங்கைகளால் தரையில் விழுந்து, கைகளாலேயே தள்ளி எழுந்திருங்கள். காலால் இழுத்து எழ முயல வேண்டாம்.

நூற்றுக்குத் தொண்ணூறு பேர் செய்யும் தவறு இடுப்பை மடிப்பது. பிட்டம் பின்னால் போனதும் சுமை குறைந்துவிடும், பார்க்க அழகாக இறங்குவதுபோலத் தெரியும், தசைக்கு ஒன்றும் கிடைக்காது. பக்கவாட்டில் நின்று பாருங்கள்: தோள், இடுப்பு, முழங்கால் மூன்றும் ஒரே கோட்டில் இல்லையென்றால் அந்த முறை கணக்கில் வராது.

அளவு: ஆரம்பநிலைக்கு 3 முதல் 5 முறை, நடுநிலைக்கு 7 முதல் 10, மேல்நிலைக்கு 12 முதல் 15. உற்சாகத்தில் முதல் நாளே பன்னிரண்டு செய்பவர் மறுநாள் மாடிப்படி இறங்க முடியாமல் தவிப்பார், அதன் பிறகு அந்தப் பயிற்சியின் பக்கமே வரமாட்டார். இந்தத் திட்டத்தை அணிகள் பாதியில் கைவிடுவதற்கு இந்தத் தசைவலி ஒரு பெரிய காரணம். ஆட்டத்துக்கு முந்தைய இரண்டு நாட்களில் நோர்டிக்கைத் தொடாமல் இருப்பதும் நல்லது. முதல் மூன்று வாரம் பொறுத்தால் அந்த வலி தானே அடங்கிவிடும். டென்மார்க்கில் 942 ஆண் வீரர்களை வைத்து நடத்திய ஆய்வில், இந்த ஒரு பயிற்சியைப் பத்து வாரம் படிப்படியாக ஏற்றியவர்களுக்குப் புதிய ஹேம்ஸ்ட்ரிங் காயங்கள் பாதிக்கும் மேல் குறைந்தன, மறுபடி வரும் காயங்கள் அதைவிட அதிகமாகக் குறைந்தன. அந்த ஆய்வு வெளிவந்தது 2011இல். ஓவனின் தொடை கிழிந்து 12 வருடம் கழித்து.

ஸ்குவாட்டும் குதித்தலும் முழங்காலுக்கு. ஜவ்வு கிழிவது பெரும்பாலும் கால் தரையில் பதிந்து நொடியில் இருபதில் ஒரு பங்கு நேரத்துக்குள். முழங்கால் அதிகம் மடங்காமல், உள்பக்கமாகச் சரிந்து, பாதம் தரையில் ஊன்றியபடி இருக்கும்போது உடம்பு வேறு பக்கம் திரும்புகிறது. அந்த நேரத்தில் யோசிக்க முடியாது. அதனால் சரியாக இறங்குவது பழக்கமாகவே ஆகியிருக்க வேண்டும். இந்தப் பயிற்சிகளின் நோக்கம் அதுதான். உயரமாகக் குதிப்பது அல்ல.

ஆரம்பப் படியில் இரு கால் ஸ்குவாட், எழும்போது குதிகாலைத் தூக்க வேண்டும். 30 நொடி, இரண்டு முறை. நடுப் படியில் நடந்தபடி லஞ்ச் (ஒரு காலை எட்டி வைத்து முழங்கால் மடக்கி இறங்குவது), காலுக்குப் பத்து. மேல் படியில் ஒற்றைக்கால் ஸ்குவாட், காலுக்குப் பத்து, இரண்டு முறை. பயிற்சியாளர் பொதுவாகப் பக்கத்தில் நடந்துகொண்டே "இன்னும் கீழே, இன்னும் கீழே" என்பார். பக்கத்திலிருந்து பார்த்தால் ஆழம் தெரியும், ஆபத்து தெரியாது. நேர் எதிரே, முழங்கால் உயரத்துக்குக் குனிந்து பார்க்க வேண்டும். முழங்கால்சில்லு பாதத்தின் இரண்டாம் விரலுக்கு நேராக நிற்கிறதா, பெருவிரலைத் தாண்டி உள்ளே சாய்கிறதா? எதிர்ப்பக்க இடுப்பு கீழே இறங்குகிறதா? இரண்டில் ஒன்று நடந்தாலும் ஆழத்தைப் பாதியாகக் குறையுங்கள். செல்பேசியைத் தரையில் சாய்த்து வைத்து எதிரிலிருந்து ஒரு படம் எடுத்துக் காட்டினால், பத்துத் தடவை சொல்லிப் புரியாதது ஒரே தடவையில் புரியும்.

குதித்தலில் மூன்று படி: மேலே குதிப்பது, பக்கவாட்டில் ஒற்றைக்காலில் குதிப்பது, கட்டம் போட்டு நாலாபக்கமும் குதிப்பது. ஒவ்வொன்றும் 30 நொடி, இரண்டு முறை. இங்கே காதையும் பயன்படுத்துங்கள். 'தப்'பென்று சத்தம் கேட்டால் முழங்கால் மடங்காமல் இறங்குகிறார் என்று பொருள். ஒற்றைக்காலில் நிற்பதும் 30 நொடி, இரண்டு முறை. பந்தைப் பிடித்துக்கொண்டு தொடங்கி, கூட்டாளிக்கு எறிந்து வாங்கி, கடைசியில் ஒருவரை ஒருவர் தள்ளிச் சோதிப்பதில் முடியும். கணுக்கால் அடிக்கடி பிசகுபவர்களுக்கு இதில் நல்ல பலன் உண்டு.

மூன்றாம் பகுதி இரண்டே நிமிடம்: 75 முதல் 80 சதவீத வேகத்தில் சுமார் 40 மீட்டர் ஓட்டம், தாவி ஓடுவது, ஊன்றித் திரும்புவது. கொலோனில் ஓவனின் முழங்கால் போனது திரும்பும்போதுதான் என்பதால் கடைசியாகச் சொன்னதை அவசரமாகக் கடக்க வேண்டாம். நாலைந்து அடி நேராக ஓடி, வலது காலை ஊன்றி இடப்பக்கம் வெட்டித் திரும்பி, 80 முதல் 90 சதவீத வேகத்தில் ஐந்து முதல் ஏழு அடி. பிறகு வேகம் குறைத்து மறுபக்கம். ஊன்றும் காலின் முழங்கால் உள்ளே சாயக் கூடாது.

நடைமுறையில் எங்கே சறுக்குகிறது? முதலில் நேரம். இருபது நிமிடம் என்பது பழகியவர்களுக்கு. புதிய அணி முதல் சில வாரம் அரை மணிக்கு மேல் எடுத்துக்கொள்ளும். கையேடு இதை இன்னும் அழுத்திச் சொல்லியிருக்கலாம். சீக்கிரம் பந்தைத் தொட வேண்டும் என்ற அவசரத்தில் பயிற்சியாளர் வெட்டுவது எப்போதும் இரண்டாம் பகுதியை. மிஞ்சுவது வெறும் ஓட்டம். இதற்கு நல்ல மாற்று வழி ஒன்று உண்டு. முதல், மூன்றாம் பகுதிகளைத் தொடக்கத்தில் செய்துவிட்டு, இரண்டாம் பகுதியைப் பயிற்சி முடிந்த பிறகு வைப்பது. ஆஸ்திரேலியாவில் இப்படிச் செய்து பார்த்த ஆய்வில் காயங்களின் எண்ணிக்கை வழக்கமான முறைக்குச் சமமாகவே இருந்தது. கடுமையான காயங்களும் ஆட்டத்தைத் தவறவிட்ட நாட்களும் இன்னும் குறைந்தன. களைப்பில் முழங்கால் சரியும் என்பதால் அப்போது ஒரு படி கீழே இறங்கிச் செய்வது நல்லது.

அடுத்த சறுக்கல் படிநிலை. எல்லோரையும் ஒரே நாளில் மேல் படிக்கு ஏற்றிவிடுகிறார்கள். ஒரு படியைச் சொன்ன நேரத்துக்குச் சொன்ன எண்ணிக்கையில் பிசகில்லாமல் செய்ய முடிந்தவர் மட்டுமே ஏற வேண்டும், ஒவ்வொரு பயிற்சிக்கும் தனித்தனியாக. நோர்டிக்கில் மேல் படியில் இருப்பவர் ஒற்றைக்காலில் ஆரம்பப் படியில் இருக்கலாம், அதில் குறைவு எதுவும் இல்லை. வாரத்துக்கு இரண்டு முறையாவது செய்ய வேண்டும்; பலன் தெரியப் பத்துப் பன்னிரண்டு வாரம் ஆகும். அதிகம் செய்த அணிகளுக்கே அதிகப் பலன் என்பது ஆய்வுக்கு ஆய்வு திரும்பத் திரும்ப வரும் முடிவு. ஆட்ட நாளில் இரண்டாம் பகுதி வேண்டாம், ஓட்டப் பகுதிகள் இரண்டு போதும். கையேடே அப்படித்தான் சொல்கிறது.

திட்டத்திலேயே உள்ள குறைகளும் உண்டு. ஸ்ட்ரைக்கருக்கு ஹேம்ஸ்ட்ரிங் அளவுக்குத் தொல்லை தருவது தொடை இடுக்கு, குறிப்பாக ஓயாமல் ஷாட் அடிப்பவர்களுக்கு. 11+இல் அதற்கென்று அழுத்தமான பயிற்சி இல்லை. கோபன்ஹேகன் அடக்ஷன் என்ற பயிற்சியை நீங்களே சேர்த்துக்கொள்ள வேண்டும். பக்கவாட்டில் படுத்து, முழங்கையில் ஊன்றி, மேல் காலைக் கூட்டாளி பிடித்திருக்க, உடம்பைத் தூக்கிக் கீழ்க்காலை மேல்காலோடு சேர்த்துவிட்டு மெதுவாக இறக்குவது. தொடக்கத்தில் கூட்டாளி முழங்காலில் பிடிக்கட்டும். பல வாரம் கழித்துக் கணுக்காலுக்கு நகரலாம். பிடிக்கும் இடம் தள்ளிப்போகப் போகச் சுமை கூடும். நார்வேயின் ஆண் வீரர்களிடம் நடந்த ஆய்வில், சீசனுக்கு முன் வாரம் மூன்று முறையும் சீசனில் வாரம் ஒரு முறையும் இதைச் செய்தவர்களுக்குத் தொடை இடுக்குத் தொல்லைக்கான வாய்ப்பு 41 சதவீதம் குறைந்தது.

இன்னொன்று வேகம். இந்த வார்ம்-அப்பில் முழு வேக ஓட்டமே கிடையாது. ஆட்டத்தில் மட்டுமே உச்ச வேகம் தொடும் தொடைக்கு ஒவ்வொரு ஆட்டமும் புது அதிர்ச்சி. வாரத்தில் ஒரு நாள், உடம்பு நன்றாகச் சூடான பிறகு, 30 மீட்டர் அளவில் சில முழு வேக ஓட்டங்களைப் பயிற்சியில் தனியாக வைக்க வேண்டும்.

வான் பாஸ்டனின் கணுக்காலுக்கு இதில் பதில் இல்லை. பின்னாலிருந்து வரும் ஆபத்தான டேக்கிளுக்கு நேரடியாகச் சிவப்பு அட்டை என்ற கண்டிப்பு 1998இல்தான் வந்தது, அவர் ஆட்டத்தை விட்ட பிறகு. அந்தக் காயத்தைத் தடுப்பது நடுவரின் வேலை. அகுவேரோவின் இதயத்துக்குத் தேவை மருத்துவப் பரிசோதனையும் மைதான ஓரத்தில் டீஃபிப்ரிலேட்டரும் (மின்னதிர்ச்சி கொடுத்து இதயத் துடிப்பைச் சீராக்கும் கருவி). 11+ செய்கிறோம் என்பதற்காக அவற்றைத் தள்ளிப்போடும் அணி பெரிய தப்புச் செய்கிறது.

நம் மதிப்பெண் பத்துக்கு எட்டு. தொடை இடுக்குக்கு ஒன்று, வேகத்துக்கு ஒன்று குறைத்திருக்கிறோம்.

ஏற்கெனவே அடிபட்டவர்களுக்கு இது சிகிச்சை ஆகாது. பிரேசிலின் ரொனால்டோ, முழங்கால் தசைநாணுக்கு அறுவை சிகிச்சை முடிந்து சில மாதங்களில், 2000 ஏப்ரல் 12 அன்று ரோமில் லாட்சியோவுக்கு எதிராகத் திரும்ப வந்தார். களமிறங்கிப் பத்து நிமிடம்கூட ஆகவில்லை, பந்தோடு காலை மாற்றி வைக்கும்போது அதே தசைநாண் முழுதாக அறுந்தது. முழங்கால் ஜவ்வு அறுவை சிகிச்சைக்குப் பிறகு ஒன்பது மாதத்துக்கு முன்னால் களமிறங்குபவர்களுக்கு, முன்கூட்டி இறங்கும் ஒவ்வொரு மாதத்துக்கும் மறுகாயம் கூடுவதை நார்வேயின் இன்னொரு ஆய்வு காட்டியிருக்கிறது. அடிபட்ட காலின் முன்தொடை வலு மற்றக் காலின் வலுவில் 90 சதவீதமாவது எட்டியிருக்க வேண்டும் என்பதும் அதில் சேர்ந்தது. அந்த இரண்டும் ஆன பிறகு, மருத்துவரும் பிசியோவும் சம்மதித்தால், 11+ஐ ஆரம்பப் படியிலிருந்து தொடங்கலாம். நோர்டிக் மூன்று முறை, ஒற்றைக்கால் நிற்றல் முப்பது நொடி, குதித்தல் சத்தமில்லாமல்.